ஓரத்து எழுத்தெல்லாம் எங்கே போகிறது? மின்னூல் பற்றி ஒரு முதல் பாடம்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர் ஒன்றில் எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். கண்புரை எடுத்த பிறகு வயலும் வரப்பும் நன்றாகத் தெரிகிறது, புத்தக எழுத்துதான் தெரிவதில்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என்னுடைய மின்வாசிப்புக் கருவியை அவர் கையில் கொடுத்தேன். திண்ணையில் வெயில் விழும் பக்கமாக உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன கண்ணு, செல்போனா?"

"இல்லீங்க அப்புச்சி, புஸ்தகம்."

எழுத்தை நான்கைந்து படி பெரிதாக்கிக் காட்டினேன். ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் நின்றது. இரண்டு வரியை வாய்விட்டுப் படித்தார். அப்புறம் கேட்டார்: "எழுத்துப் பெருசாச்சு, சரி. ஓரத்துல இருந்த எழுத்தெல்லாம் எங்க போச்சு?"

மின்னூல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன். இதற்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றதில் முக்கால்வாசி தானாகப் புரிந்துவிடும்.

அச்சடித்த பக்கம் ஒன்றைப் போனில் படமெடுத்து, இரண்டு விரலால் அகட்டிப் பாருங்கள். எழுத்து பெரிதாகும், ஆனால் இடது வலது ஓரங்கள் திரைக்கு வெளியே போய்விடும். ஒரு வரியை முடிக்க இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பிடிஎஃப் கோப்புகள் இப்படிப்பட்டவைதான். அவை பக்கத்தின் படங்கள். படத்துக்குள் எழுத்து இருப்பது நமக்குத் தெரியும், கருவிக்குத் தெரியாது. அதற்கு எல்லாமே கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்.

மின்னூலில் இருப்பது எழுத்து. வாய்க்காலில் வருகிற தண்ணீர் பாத்திக்குத் தக்கபடி பரவி நிற்கிறதல்லவா, அதுபோல எழுத்தும் திரைக்குத் தக்கபடி ஓடிப்போய் நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு ஆறு சொல் இருந்த இடத்தில் மூன்று சொல் நிற்கும், மீதி மூன்றும் அடுத்த வரிக்கு இறங்கிவிடும், அடுத்த வரியில் இருந்தவை அதற்கும் கீழே. அப்புச்சி கேட்ட ஓரத்து எழுத்தெல்லாம் போன இடம் அதுதான். அதனாலேயே மின்னூலுக்கு நிலையான பக்க எண் கிடையாது. என் கையில் இருநூறு பக்கமாக இருக்கும் நாவல் அவர் கையில் அறுநூறு பக்கம் ஆகிவிடும்.

இப்படி ஓடும் எழுத்துக்கென்று உலகம் முழுக்கப் பொதுவான ஒரு வடிவம் உண்டு, ஈபப் என்று பெயர். 2007இல் அது தர நிர்ணயமாக வந்தது. ஓர் ஈபப் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன இணையதளமே சுருட்டி வைத்ததுபோல இருக்கும். அத்தியாயத்துக்கு ஒரு பக்கம், பொருளடக்கம், அட்டைப்படம், எந்த எழுத்துருவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்ற குறிப்பு, அவ்வளவுதான். முந்நூறு பக்க நாவல் ஒன்று, படங்கள் இல்லாவிட்டால், பெரும்பாலும் ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும். அதே நாவலின் ஸ்கேன் பிடிஎஃப் பல பத்து எம்பி போகும்.

சரி, கருவிக்கு எழுத்து எப்படித் தெரிகிறது? ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். யூனிகோடு என்ற உலகப் பொதுப் பட்டியலில் தமிழுக்குத் தனி இடம் 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. எங்கள் வட்டாரத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'கொங்கு' என்று எழுதினால் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து: கொ, ங், கு. கருவிக்குள் இருப்பதோ ஆறு எண்கள். ககரத்துக்கு ஒன்று, ஒகரக் குறிக்கு ஒன்று, ஙகரத்துக்கு ஒன்று, அதன் மேல் புள்ளிக்கு ஒன்று, மறுபடியும் ககரத்துக்கு ஒன்று, உகரக் குறிக்கு ஒன்று. இதில் ஒகரக் குறி கொஞ்சம் விசேஷமானது. எண்ணாக அது ககரத்துக்குப் பிறகு வருகிறது. ஆனால் திரையில் பாதி ககரத்துக்கு முன்னாலும் பாதி பின்னாலும் போய் நிற்க வேண்டும். உகரமோ ககரத்தோடு ஒட்டி அதன் உருவத்தையே மாற்றிவிடும். இந்த ஒட்டும் வேலையெல்லாம் தெரியாத கருவியில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று சிதறிக் கிடக்கும். ஆரம்ப காலத்துக் கருவிகளில் தமிழ் பட்ட பாடு இது.

இன்னொரு பாடும் உண்டு. மின்னூல் தமிழுக்கு ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் கணினியில் அச்சுக்கோக்கும் நம் டிடிபி மையங்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டி வேலை செய்தன. பாமினி எழுத்துரு அந்த வகைதான். அதில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் போய் உட்காருவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கும் கணினியில் அது அம்மாவாகத் தெரியும். இல்லாத இடத்தில் அந்த ஐந்தும் அப்படியே தெரியும். அச்சுக்கு இது போதும், ஏனென்றால் தாளில் விழுந்த பிறகு உள்ளே என்ன எண் இருந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. மின்னூலுக்கோ அந்த எண்தான் உயிர். தேடுவதும், பெரிதாக்குவதும், அகராதி பார்ப்பதும், குரலில் வாசிக்க வைப்பதும் அதை வைத்துத்தான்.

இதில் நானே ஒருமுறை பட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் இணையக் கடையில் பணம் கட்டி ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு வாங்கினேன். ஈரோட்டிலிருந்து கோபிக்குப் பேருந்தில் படிக்கலாம் என்று திறந்தால், அட்டை மட்டும் தமிழில் இருந்தது. உள்ளே முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். கடைக்கு எழுதினேன், பதில் வரவில்லை. பழைய எழுத்துருவில் இருந்த கோப்பை மாற்றாமல் அப்படியே ஏற்றிவிட்டார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் பதிப்பகங்களின் பழைய கோப்புகள் இன்னமும் பழைய எழுத்துருக்களில்தான் ஏராளமாகக் கிடக்கின்றன. அவற்றை மாற்றுவதற்கு மென்பொருள் இருக்கிறது. மாற்றிய பிறகு மனிதர் ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். அந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்காத மின்னூல், படிக்கும்போது கல் கடிக்கும் சோறாகத்தான் இருக்கும்.

எங்கிருந்து வந்தது

மின்னூலுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1971 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் அந்த நாட்டின் விடுதலைப் பிரகடனத்தைக் கணினியில் தட்டச்சு செய்து, வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார். நூல்களை இலவச மின்னூல்களாக்கும் கூட்டன்பர்க் திட்டம் அங்கே தொடங்கியது. தமிழில் அதற்கு இணையானது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்றார். வேறு வேறு நாடுகளில் இருந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலாக எடுத்துத் தட்டச்சு செய்தார்கள். கூலி இல்லை, விளம்பரம் இல்லை. இன்று நீங்கள் கம்பனிலோ சிலம்பிலோ ஒரு வரியை இணையத்தில் தேடி எடுக்கிறீர்கள் என்றால், யாரோ ஒருவர் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு அடித்து வைத்த வரியாக அது இருக்க வாய்ப்பு அதிகம். அவர்களை நினைக்காமல் நான் அந்தக் கோப்புகளைத் திறப்பதில்லை.

வணிகம் சூடுபிடித்தது 2007 நவம்பரில். அமேசானின் மின்வாசிப்புக் கருவியான கின்டில் முதன்முதலில் 399 டாலருக்கு வந்து, ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. 2011 மே மாதம், தாங்கள் விற்கும் ஒவ்வொரு 100 அச்சுப் புத்தகத்துக்கும் 105 மின்னூல் விற்கிறது என்று அந்த நிறுவனம் அறிவித்தது. அச்சுக்கு முடிவு வந்துவிட்டது என்று அப்போது பேசாத ஆள் இல்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்த வேகம் பிறகு அடங்கியது, அச்சும் நிற்கிறது, மின்னூலும் நிற்கிறது. கின்டில் கடையில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளுக்கு இடம் கிடைத்தது 2016 டிசம்பரில். முதல் கருவி வந்து ஒன்பது ஆண்டு கழித்து.

வெயிலில் தெரியும் திரை

அப்புச்சி கருவியை வெயிலில் வைத்துப் பார்த்தார் என்று சொன்னேன். அவர் மடியில் இருந்த செல்போன் அந்த வெளிச்சத்தில் கறுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை, இது மட்டும் தாள்போலத் தெரிந்தது. காரணம் அதன் திரையின் அமைப்பு. ஆங்கிலத்தில் அதை இ-இங்க் என்பார்கள், தமிழில் மின்மை என்று சொல்லலாம். செல்போன் திரை உள்ளிருந்து ஒளிவிட்டுக் காட்டுகிறது, வெயில் அந்த ஒளியை அமுக்கிவிடுகிறது. மின்மைத் திரையோ தாளைப்போல மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது.

அந்தத் திரைக்குள் தலைமுடியின் பருமனே உள்ள லட்சக்கணக்கான குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் ஒரு திரவம், அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும். சுவர்ப் பெயின்ட்டுக்கு வெண்மை தரும் அதே டைட்டானியம் டையாக்சைடுதான் வெள்ளை. கறுப்பு இன்னொரு நிறமி. ஒன்றுக்கு நேர் மின்னேற்றம், மற்றதற்கு எதிர் மின்னேற்றம். கீழேயிருந்து மின்சாரத்தை ஒரு விதமாகக் கொடுத்தால் வெள்ளை மேலே வரும், மாற்றிக் கொடுத்தால் கறுப்பு மேலே வரும். மேலே வந்த துகள் மின்சாரத்தை நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும். பக்கம் புரட்டும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் செலவு. வாரக்கணக்கில் சார்ஜ் நிற்பதன் ரகசியம் இதுதான். சில பக்கங்களுக்கு ஒருமுறை திரை சட்டென்று கறுத்து வெளுக்கும். அது பழுது கிடையாது, முந்தைய பக்கத்தின் சாயலைத் துடைக்கிற வேலை. முதலில் பார்த்தபோது அப்புச்சி கண்ணைச் சுருக்கினார்.

இருட்டில் படிக்க இந்தக் கருவிகளிலும் விளக்கு உண்டு. அது திரையின் ஓரத்திலிருந்து எழுத்தின் மேல் படும், நம் கண்ணைப் பார்த்து அடிக்காது.

குறையும் உண்டு. புத்தகத்தைப் பிடிக்கும்போது கட்டைவிரலைப் பக்கத்தின் மேல் வைப்பது அப்புச்சிக்கு அறுபது வருடப் பழக்கம். தொடுதிரையில் விரல் பட்டதும் பக்கம் தாவிவிட்டது. நாலைந்து தடவை அப்படி ஆனதும், "வெரல் வெக்க எடமில்லையே கண்ணு" என்று என்னிடம் நீட்டிவிட்டார். பின்பக்கம் மடக்கி நிற்கும் உறை ஒன்று வாங்கிப் போட்ட பிறகுதான் சரியானது. பெரியவர்களுக்குக் கருவி வாங்குபவர்கள் அந்த உறையையும் சேர்த்தே வாங்குங்கள்.

கிரயமா, குத்தகையா?

எங்கள் பக்கத்தில் நிலம் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் கேட்பது, கிரயமா குத்தகையா என்றுதான். மின்னூல் வாங்கும்போதும் அதையே கேட்க வேண்டும்.

அச்சுப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினால் அது கிரயம். படிக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், பேரனுக்கு விட்டுப் போகலாம். பெரிய கடைகளில் வாங்கும் மின்னூல் பெரும்பாலும் குத்தகை மாதிரி. பொத்தானில் 'வாங்கு' என்றுதான் எழுதியிருக்கும். உண்மையில் கிடைப்பது படித்துக்கொள்ளும் உரிமம். கோப்பின் மேல் ஒரு பூட்டு போட்டிருப்பார்கள். நம் கணக்கில், அந்தக் கடை ஒத்துக்கொள்ளும் கருவியில் மட்டும்தான் அது திறக்கும். குத்தகை நிலத்தில் வெள்ளாமை எடுக்கலாம், விற்க முடியாது.

2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்கள், விற்றவரிடம் உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாசகர்களின் கின்டில்களிலிருந்து அமேசானால் தொலைவிலிருந்தே நீக்கப்பட்டன. பணம் திரும்பியது. நிறுவனத்தின் தலைவரே பிறகு மன்னிப்புக் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்களும் போயின. அங்கேயும் பணம் திரும்பியது. பணம் வந்துவிட்டதே என்று என்னால் ஆறுதல் கொள்ள முடியவில்லை. ஒருவர் வீட்டு அலமாரியிலிருந்து கடைக்காரர் புத்தகத்தை எடுத்துப் போக முடியும் என்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. பூட்டில்லாமல் விற்கும் பதிப்பகங்களும் எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். விலை கொஞ்சம் கூடவே இருந்தாலும் அவர்களிடம் வாங்குவதுதான் என் வழக்கம்.

இங்கே நூலகத்தையும் நினைக்க வேண்டும். பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948இல் வந்தது. அதைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம். அந்தச் சட்டத்தால்தான் சின்ன ஊர்களிலும் கிளை நூலகம் வந்தது, நூலகங்கள் புத்தகம் வாங்கத் தரும் ஆணையை நம்பித் தமிழ்ப் பதிப்பகங்கள் புத்தகம் போட முடிந்தது. அச்சுப் பிரதியை நூலகம் ஒருமுறை வாங்கிவிட்டால் கிழியும்வரை இரவல் கொடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். மின்னூலை இரவல் கொடுக்கத் தனி உரிமம் வேண்டும். மேல்நாடுகளில் பல பதிப்பகங்கள் அந்த உரிமத்துக்குக் காலக்கெடுவும் வைத்திருக்கின்றன, கெடு முடிந்தால் மறுபடியும் பணம். நம் நூலகங்கள் மின்னூலுக்கு மாறும்போது இந்தக் கணக்கை முதலிலேயே பேசிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

பதிப்பகத்துக்கு என்ன மாறியது

முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அடிப்பார்கள். தாள், அச்சு, கட்டுமானம், கிடங்கு, லாரி வாடகை எல்லாம் முன்பணம். விற்காதது கரையானுக்கு. மின்னூலில் இந்தச் செலவுகள் இல்லை. இரண்டாவது பிரதிக்கு ஆகும் செலவு அனேகமாகச் சுழி. ஆனால் எழுதியவர், செப்பனிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர், அட்டை வரைந்தவர் என்று இவர்களின் உழைப்பு அச்சிலும் மின்னூலிலும் ஒன்றுதான். "கோப்புதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு விலை?" என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வரியிலும் வித்தியாசம் உண்டு. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. மின்னூலுக்கு 18 சதவீதம் இருந்தது. அச்சுப் பதிப்பும் உள்ள நூல்களின் மின்பதிப்புக்கு மட்டும் 2018 ஜூலையில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள்.

பதிப்பகம் இல்லாமலே எழுத்தாளர் தாமே நூலை ஏற்றலாம் என்பதும் வந்துவிட்டது. சென்னிமலையில் தறி ஓட்டிக்கொண்டே ஒருவர் நாவல் எழுதி, அன்றிரவே ஏற்றி, மறுநாள் டொரண்டோவில் ஒருவர் படிக்கலாம். மாதச் சந்தாவில் படிக்கும் வாசகர்கள் எத்தனை பக்கம் புரட்டினார்களோ அத்தனை பக்கத்துக்கு எழுத்தாளருக்குப் பணம் என்ற முறையும் உண்டு. திறப்பு பெரிய திறப்புதான். செப்பனிடும் கை இல்லாமல் வரும் நூல்களின் பிழைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அச்சு இங்கே ஓய்ந்துவிடவும் இல்லை. மக்கள் சிந்தனைப் பேரவை 2005இல் தொடங்கிய ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு ஒருமுறை ஆகஸ்டில் வந்து பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த சில்லறையைக் கையில் இறுக்கிக்கொண்டு நிற்பதை எந்தத் திரையாலும் எனக்கு ஈடுசெய்ய முடியாது. நானும் அங்கே வாங்கிக்கொண்டுதான் வருகிறேன்.

தூரனின் பத்துத் தொகுதி

மின்னூல் எனக்கு எங்கே அவசியமாகப் படுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டு வலசில் பிறந்த பெரியசாமித் தூரன், தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்தார். அவினாசிலிங்கம் முயற்சியில் 1946இல் உருவான தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வேலை அது. முதல் தொகுதி 1954இல் வந்தது, பத்தாவது 1968இல். இன்று ஒரு முழு அடுக்கை விலைக்குத் தேடினால் சுலபத்தில் அகப்படாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஸ்கேன் செய்து காத்தவர்களுக்கு நன்றி.

ஆனால் ஆறு அங்குலக் கருவியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பத்தியாக அச்சான எழுத்து எறும்பு வரிசைபோலத் தெரியும். படத்தை எழுத்தாக்க வேண்டும். எழுத்துணரி என்ற மென்பொருள் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும். பழைய அச்சில் மங்கிய புள்ளியை அது விட்டுவிடும், பழைய லை, னை வடிவங்களில் தடுமாறும். அதனால் பிரித்தெடுத்ததை ஒரு மனிதர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். நாட்டுடைமை நூல்கள் பலவற்றுக்குத் தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். நானும் வாரத்துக்குச் சில பக்கம் பார்க்கிறேன். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் போதும். சேர விரும்புபவர்களுக்குக் கணினியும் தமிழ்த் தட்டச்சும் இருந்தால் போதும்.

படிக்க மட்டும் தொடங்குவதென்றால், விலை கூடிய கருவியை உடனே வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போனிலேயே ஈபப் திறக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்திலிருந்து ஏதாவது ஒரு நூலை ஈபப் வடிவில் இறக்குங்கள். அங்குள்ளவை பூட்டில்லாதவை, பகிரலாம். எழுத்தை இரண்டு படி பெரிதாக்கி, வரிகள் புதிதாக உடைந்து நிற்பதைப் பாருங்கள். ஒரு மாதம் அப்படிப் படித்து, கண் களைக்கிறது, ஆனால் படிப்பை விட மனமில்லை என்று தோன்றினால் அப்போது மின்மைக் கருவி வாங்கலாம். போனில் இறக்கிய அதே கோப்பை மின்னஞ்சலிலோ கம்பி வழியாகவோ அதற்கு அனுப்பிக்கொள்ளலாம். 2022இலிருந்து கின்டிலுக்கும் ஈபப் கோப்பை மின்னஞ்சலில் அனுப்ப முடிகிறது.

அப்புச்சிக்கு என் பழைய கருவியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மாதம் ஒருமுறை நான் போய்ப் புது நூல்களை ஏற்றித் தருகிறேன். போன தடவை போனபோது கலைக்களஞ்சியத்தில் மஞ்சள் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். அந்தப் பக்கத்தை மட்டும் தட்டச்சு செய்து, அவர் கருவிக்கு எட்டு வரி நிற்கிற அளவில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.